லோயிஸ் டீச்சர் பங்கிட்ட வேஷங்கள்

லோயிஸுக்குப் பொறாமை புதிதல்ல. குன்னூருக்குக் கீழே ஓர் எஸ்டேட் பள்ளிக்கூட வாத்தியாரின் இரண்டாவது மகள் அவள். அக்காவுக்குக் குரல் நன்றாக இருந்தது. கிறிஸ்துமஸ் ஆராதனையில் அக்கா தனியாக முன்னால் நின்று பாடுவாள். லோயிஸ் பின்வரிசையில் கூட்டத்தோடு பாடுவாள். பாட்டு முடிந்து பெரியவர்கள் அக்காவின் கன்னத்தைத் தட்டிக்கொடுக்கும்போது தன் வயிற்றுக்குள் ஒரு சூடு கிளம்புவதை சின்ன வயதிலேயே அவள் கண்டுகொண்டாள். அதற்காக முழங்கால் போட்டு ஜெபம் பண்ணியிருக்கிறாள். ஜெபம் பண்ணி எழுந்த கையோடு அக்காவின் புது ரிப்பனை அடுப்பில் போட்டும் இருக்கிறாள்.

ஆசிரியப் பயிற்சி முடித்ததும் மோசஸுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அவன் குந்தாப் பக்கத்தில் ஒரு மின் நிலையத்தில் ஆபரேட்டர். மலைச்சரிவில் தகரமும் ஓடும் போட்ட வரிசை வீடுகள், நடுவே ஒரே ஒரு ரோடு, கடைசியில் பள்ளிக்கூடம். அந்த இடத்தை எல்லோரும் கேம்ப் என்றுதான் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் லோயிஸுக்கு ஆறாம் வகுப்பு கிடைத்தது. பிள்ளைகளுக்கு அவளைப் பிடிக்கும். சரித்திரப் பாடத்தைக் கதை போலச் சொல்வாள்; ராஜா வந்தால் நாற்காலியில் ஏறி நிற்பாள்.

மோசஸ் பார்க்க நன்றாக இருப்பான். அதுவே அவளுக்கு ஒரு வேலையாகிப் போனது. ரேஷன் கடையில் அவன் யாருக்கு வழி விட்டான், பஸ்ஸில் யாருக்கு எழுந்து இடம் கொடுத்தான் என்றெல்லாம் அவள் மனம் தன்னால் குறித்துக்கொள்ளும். ஒரே மகளைக் குன்னூரில் அக்கா வீட்டில் விட்டுப் படிக்க வைத்த பிறகு வீட்டில் இருவர் மட்டும்தான். கவனிக்க வேறு ஆளும் இல்லை.

அறுபதுகளின் பிற்பாதியில் ஒரு மழைக்காலத்தில் கேம்ப் டிஸ்பென்சரிக்குப் புது நர்ஸ் வந்தாள். ரோஸ்மேரி என்று பெயர், கூடலூர்ப் பக்கம். தமிழில் பாதி மலையாளம் கலந்து பேசுவாள். கல்யாணம் ஆகவில்லை. ஊசி போடும்போது எதையாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவாள். குழந்தைகள் அழ மறந்துவிடும். லோயிஸும் முதலில் அவளை நல்ல பெண் என்றுதான் சொன்னாள்.

அதே சமயத்தில்தான் மோசஸ் மாறினான். அவள் ஏதாவது சொன்னால் "ம்" என்பான். சில சமயம் அதுவும் கிடையாது. அவள் பேசி முடித்த பிறகு சிரிக்கக் கூடாத இடத்தில் சிரிப்பான். மாலையில் கடைப்பக்கம் நடந்து போகும்போது கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு வலப்பக்கம் வந்தவன், இப்போது இடப்பக்கம் வர ஆரம்பித்தான். டிஸ்பென்சரி ரோட்டுக்கு இடப்பக்கம் இருந்தது. லோயிஸ் அதைக் கவனித்தாள்.

பக்கத்து வீட்டு இசக்கியம்மா மீதியைச் சொன்னாள். துணி உலர்த்திக்கொண்டே, கேட்காமலே சொன்னாள்.

"நேத்து சாயங்காலம் உங்க வீட்டுக்காரரை டிஸ்பென்சரில பாத்தேன் டீச்சர். ஓ.பி. எல்லாம் முடிஞ்சிருந்துது. அந்தப் புள்ள அவர் முகத்துக்கிட்ட குனிஞ்சு என்னமோ பேசிக்கிட்டு இருந்துது. காய்ச்சலா?"

"ஆமா, கொஞ்சம் காய்ச்சல்தான்" என்றாள் லோயிஸ்.

அன்று இரவு சாப்பிடும்போது அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். நெற்றி குளிர்ந்திருந்தது. "நேத்து சாயங்காலம் எங்கேயாவது போயிட்டு வந்தீங்களா?" என்று கேட்டாள். "நேரா வீட்டுக்குத்தான் வந்தேன்" என்றான். அதற்கு மேல் கேட்டால் தன் குரல் எப்படி வரும் என்று அவளுக்குத் தெரியும். கேட்கவில்லை.

பொங்கல் நெருங்கியது. கேம்பின் மனமகிழ் மன்றத்தில் வருஷா வருஷம் மாட்டுப் பொங்கலன்று வழக்காடு மன்றம் நடக்கும். பெரும்பாலும் மாமியாரா மருமகளா என்பது மாதிரி ஏதாவது. மன்றச் செயலாளர் ஆறுக்குட்டி, ஆபீஸில் தலைமை எழுத்தர், இந்தத் தடவை புதிதாக ஏதாவது வேண்டும் என்றார். லோயிஸ் எழுந்து, ரோமாபுரி நீதிமன்றம் நடத்தலாம் என்றாள். அவள் வகுப்பில் அப்போது ரோமாபுரிப் பாடம்தான் நடந்துகொண்டிருந்தது.

"ஏனுங்க டீச்சர், வசனம் எழுதி மனப்பாடம் பண்ண வெக்கறதுக்கு நாள் பத்துங்களா?" என்றார் ஆறுக்குட்டி.

"வசனமே வேண்டாம் சார். வழக்கு மட்டும் நான் சொல்றேன். வேஷம் குடுத்துட்டா அவங்கவங்க அந்த ஆளா நின்னு சொந்தமாப் பேச வேண்டியதுதான். முடிவும் முன்னாடியே தீர்மானம் பண்ணக் கூடாது. நடுவர்கள் கேட்டுட்டு அவங்க தீர்ப்பைச் சொல்லணும்."

வழக்கையும் சொன்னாள். ரோமாபுரித் துறைமுகத்தில் ஒரு விதவை கிடங்கு நடத்துகிறாள். நம் சேர நாட்டு முசிறியிலிருந்து போன மிளகு மூட்டைகளை ஒரு கப்பல் முதலாளி அவள் கிடங்கில் இறக்கி வைத்துவிட்டுப் போகிறான். திரும்பி வந்து பார்த்தால் பாதியைக் காணோம். அவள் திருடினாளா இல்லையா?

எல்லோருக்கும் பிடித்துவிட்டது. வேஷம் பங்கிடும் பொறுப்பை அவளிடமே விட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மன்றத்தில் கூடியபோது லோயிஸ் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். தன் ஒரு சொல்லுக்கு அத்தனை பேரும் காத்திருப்பது அவளுக்குப் பழக்கமில்லாத சுகமாக இருந்தது. ஸ்டோர் கீப்பர் கருணாகரன் எதையும் மடக்கிப் பேசுவார். அவருக்கு விதவையின் வக்கீல் வேஷம். ஆறுக்குட்டி தன்னைத்தான் நீதிபதியாகப் போடுவாள் என்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவரைக் கட்டியக்காரராகப் போட்டு, நீதிபதி வேஷத்தைத் தானே எடுத்துக்கொண்டாள். அவர் முகம் சுருங்கியது. "ரோமாபுரியில கட்டியக்காரர் சொன்னாத்தான் சார் கோர்ட்டே ஆரம்பிக்கும்" என்றதும் சமாதானமானார்.

மோசஸ் பின்னாலிருந்து சொன்னான். "என்னை நடுவரா போட்டுடு லோயிஸ். பேச்சு எதுவும் வேண்டாம்."

"ஏன்?"

அவன் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தான்.

எதற்காகப் பேச்சு வேண்டாம் என்கிறான்? யாருக்கு எதிராகவாவது பேச வேண்டி வந்துவிடும் என்றா? அவளுக்குள் அந்தப் பழைய சூடு கிளம்பியது. இருவரையும் எதிரெதிரே நிறுத்தும் எண்ணம் அதற்கு முன் அவள் மனதில் இல்லை. அந்த நிமிஷத்தில்தான் தோன்றியது.

"குற்றம் சாட்டுற வக்கீல், எங்க வீட்டுக்காரர்" என்றாள். "குற்றவாளிக் கூண்டுல, நர்ஸ் ரோஸ்மேரி."

எல்லோரும் கைதட்டினார்கள். ரோஸ்மேரி வாயில் கை வைத்துச் சிரித்தாள். "எனக்கு நடிக்கவே வராது சேச்சி. குற்றவாளின்னா சும்மா நின்னா போதுமில்லே?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லணும்" என்றாள் லோயிஸ்.

ஊர் முழுக்க உட்கார்ந்து பார்க்க, அவள் புருஷன் அந்தப் பெண்ணைத் திருடி என்று சொல்லப் போகிறான். அதை நினைத்து இரண்டு நாள் அவளுக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

மூன்றாவது நாள் அந்த நிம்மதி போய்விட்டது. வசனம் இல்லாத நாடகம் என்பதால் கதையின் விவரங்களை எல்லோரும் சேர்ந்துதான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. கிடங்குக்கு எத்தனை வாசல், சாவி யாரிடம் இருந்தது, கப்பல் எப்போது வந்தது என்று வக்கீலும் குற்றவாளியும் பேசி ஒத்துப்போக வேண்டும். ஒத்திகைக்கு மோசஸும் ரோஸ்மேரியும் ஒரே பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துப் பேசினார்கள். ரோஸ்மேரி ஒவ்வொரு சொல்லையும் நிதானமாக, அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். அவனும் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டில் "ம்" கூடச் சொல்லாதவன் அங்கே வாய் நிறையப் பேசினான். அந்த பெஞ்சைப் போட்டுக் கொடுத்தவளே தான்தான் என்பதும் லோயிஸுக்கு உறைத்தது.

"இனிமே ரெண்டு கட்சிக்காரங்களும் விசாரணை வரைக்கும் பேசிக்கக் கூடாது" என்று திடீரென்று ஒரு விதி போட்டாள்.

கருணாகரன் சிரித்தார். "அப்புறம் எப்படிங்க டீச்சர்? நான் கிடங்குக்கு ஒரு வாசல்னு சொல்லி, அவரு ரெண்டு வாசல்னு சொன்னா மிளகு எப்படிப் போகும்?"

விதி அன்றைக்கே செத்துப்போனது.

மாட்டுப் பொங்கலன்று காலையில் புல்லெல்லாம் உறைபனி. மத்தியானம் மன்றக் கூடத்தில் கேம்பே கூடியிருந்தது. ஆண்கள் ஸ்வெட்டருக்கு மேல் வெள்ளை வேட்டியைத் தோளில் சுற்றி ரோமாபுரிக்காரர்களாகியிருந்தார்கள். நடுவர்கள் ஒவ்வொருவர் கையிலும் ஓர் அட்டை; அதில் ஒரு பக்கம் "வி", மறுபக்கம் "த". விடுதலையா தண்டனையா என்று முடிவு செய்து, வேண்டாத எழுத்தை அடித்துவிட்டுப் பானையில் போட வேண்டும். ரோஸ்மேரி கறுப்புச் சால்வையில் மேடையின் வலது ஓரம் நின்றாள். இடது பக்கம், பெட்டிகளை அடுக்கி உயர்த்திய நாற்காலியில் லோயிஸ். நடுவே சபையைப் பார்த்தபடி மோசஸ்.

ஆறுக்குட்டி குரல் கொடுக்க, நீதிமன்றம் தொடங்கியது.

மோசஸ் நன்றாகத்தான் ஆரம்பித்தான். "ரோமாபுரி மகாஜனங்களே, நம்பிக் குடுத்த பொருளை எடுத்தவங்க மிளகை மட்டும் எடுக்கல. நம்பிக்கையையும் எடுத்துட்டாங்க" என்றான். கூட்டம் தலையாட்டியது. அவன் இன்னொரு வாக்கியத்துக்குப் போவதற்குள் இடது பக்கத்திலிருந்து கருணாகரன் எழுந்து ஆட்சேபித்தார். மோசஸ் நிறுத்தவில்லை. கருணாகரன் மறுபடியும் ஆட்சேபித்தார். மோசஸ் பேசிக்கொண்டே போனான். மனிதருக்கு எத்தனை திமிர் என்று கூட்டம் ரசித்துச் சிரித்தது.

"நிறுத்துங்க" என்றாள் லோயிஸ்.

அவன் நிறுத்தவில்லை. அப்போது ரோஸ்மேரி சால்வைக்கு வெளியே இரண்டு விரலை லேசாக உயர்த்தினாள். மோசஸ் உடனே நின்றான். திரும்பி நீதிபதியைப் பார்த்தான்.

வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை. தன் சொல்லுக்கு நிற்காதவன் அவள் விரலுக்கு நிற்கிறான். லோயிஸுக்குக் காது அடைத்தது. ஆட்சேபணை என்ன என்பதைக்கூட அவள் விசாரிக்கவில்லை. மோசஸைத் தொடரச் சொல்லாமல் கூண்டின் பக்கம் திரும்பினாள்.

"நீதிபதிக்கு ஒரு கேள்வி இருக்கு. வேலை நேரம் முடிஞ்ச பிறகு உன் கிடங்குக்கு வந்து போனது யார்?"

இப்படி ஒரு விஷயம் ஒத்திகையில் வரவே இல்லை. ரோஸ்மேரி முகத்தில் சிரிப்பு நின்றது. லோயிஸை நேராகப் பார்த்தாள்.

"ஒருத்தர் வந்தார்" என்றாள்.

"எதுக்கு?"

"அதை நான் சொல்லக் கூடாது. அது என்னோட ரகசியம் இல்ல. வந்தவரோடது."

"நீதிமன்றம் கேக்குது."

"நீதிமன்றம் அவரைத்தான் கேக்கணும் சேச்சி." நாக்கைக் கடித்துக்கொண்டு, "நீதிபதி அவர்களே" என்று திருத்தினாள்.

கூடம் முழுக்கக் கைதட்டல். நடிக்கத் தெரியாது என்று சொன்ன பெண்ணா இவள் என்று பேசிக்கொண்டார்கள். மோசஸ் சபையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான். கைதட்டுகிறவர்களைப் பார்த்து அவனும் புன்னகைத்தான். சிரிக்கக் கூடாத இடம்.

கைதட்டல் அடங்கியதும் லோயிஸ் அவனைக் கேட்டாள். "வக்கீலே, நீங்க சொல்லுங்க. வந்தது யார்?"

அவன் திரும்பவில்லை.

"வக்கீலே."

கூடம் அமைதியானது. வெளியே மாடுகளின் மணிச்சத்தம் கேட்டது. "மோசஸ்" என்றாள், வீட்டில் கூப்பிடும் குரலில். தன் புருஷனைப் பேர் சொல்லி அவள் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை. முன்வரிசைப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவன் அசையவில்லை. அவனுடைய இடது காதுதான் அவள் பக்கம் இருந்தது.

ரோட்டில் இடப்பக்கம் மாறி நடந்தது, சொன்னதற்கெல்லாம் "ம்" என்றது, ரோஸ்மேரி அவன் முகத்தருகே குனிந்தது, அவன் அவள் உதட்டைப் பார்த்தது, அவள் விரலுக்கு நின்றது எல்லாம் அவளுக்கு ஒரே மூச்சில் விளங்கிவிட்டது. பிறகு பெட்டிகளின் மேலிருந்து இறங்கினாள். மேடையைச் சுற்றிக்கொண்டு போய் அவனுடைய வலப்பக்கம் நின்று, நீதிபதிக் குரலிலேயே சொன்னாள்:

"வக்கீலே, உங்களுக்கு வேற சாட்சி உண்டா?"

அவன் அவளைப் பார்த்தான். அவள் நிற்கும் இடத்தைப் பார்த்தான். "இல்ல" என்றான் மெதுவாக.

நடுவர்கள் அட்டைகளைப் பானையில் போட்டார்கள். பெரும்பாலும் "த". வந்தவன் யார் என்று சொல்ல மறுத்தவள்தான் மூட்டையைக் கடத்தியிருப்பாள் என்பது அவர்கள் கட்சி. தானே கேட்ட கேள்விக்காக ஒருத்தியைத் தண்டிக்க வேண்டியவளானாள் லோயிஸ். ரோமாபுரியை விட்டு வெளியேற வேண்டும் என்று தீர்ப்பைப் படித்தாள். ரோஸ்மேரி குனிந்து வணங்கினாள். ஆறுக்குட்டி பிற்பாடு வந்து, "நீதிபதி எறங்கி வந்து வக்கீல் பக்கத்துல நின்னு கேட்டது நல்ல வழக்கமுங்க டீச்சர். ரோமாபுரியில அப்படித்தானுங்களா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் மோசஸ் எல்லாம் சொன்னான். புரட்டாசியில் வந்த சளியோடு இடது காதில் சீழ் வைத்தது; வலி போனது, கேட்பதும் போனது; வலது காதும் மந்தமாகத் தொடங்கியிருந்தது. தெரிந்தால் மெஷின் பக்கத்தில் நிற்க விடமாட்டார்கள் என்று பயந்து, ஆள் இல்லாத நேரத்தில் போய் மருந்து ஊற்றிக்கொண்டான்.

"அவகிட்ட சொல்லத் தெரிஞ்சுது. எங்கிட்ட சொல்லத் தெரியலையா?"

"உங்கிட்ட சொன்னா நீ அழுவே. அவ மருந்து ஊத்திட்டு அடுத்த ஆளைப் பாக்கப் போயிடுவா."

அவன் சமாதானமாகத்தான் சொன்னான். ஆனால் அந்தப் பதில் அவளுக்கு முந்தைய சந்தேகத்தைவிட அதிகமாக எரிந்தது. கள்ள உறவு என்றால் சண்டை போட்டிருக்கலாம். அவன் தன் பயத்தை இன்னொருத்தியிடம் கொண்டுபோய் வைத்திருக்கிறான்; அதற்கு யாரோடு சண்டை போடுவது?

கேம்பில் அந்தக் கேள்வி தொற்றிக்கொண்டது. "கிடங்குக்கு இன்னிக்கு யாரு வந்தாங்க?" என்று கேன்டீனில் கேலி பேசினார்கள். டிஸ்பென்சரி ஜன்னலிலும் யாரோ அதைக் கேட்டுவிட்டு ஓடினார்கள். இசக்கியம்மாவுக்கு விடை தெரியும் என்று இசக்கியம்மாவே சொல்லிக்கொண்டு திரிந்தாள். ஒருநாள் இடைவேளையில் ரோஸ்மேரி பள்ளிக்கூடத்துக்கு வந்தாள்.

"நீங்க அன்னிக்குக் கேட்டது அந்த ரோமாபுரிக்காரிகிட்டயா சேச்சி, எங்கிட்டயா?"

லோயிஸ் பொய் சொல்லவில்லை. "உங்கிட்டதான்."

"இப்ப பதில் கிட்டியாச்சு இல்லே? அப்போ ஊருக்கும் நீங்கதான் பதில் சொல்லணும்."

லோயிஸ் அதை மோசஸிடம் சொன்னாள். மறுநாள் அவன் தானே என்ஜினியர் அறைக்குப் போய்க் காதைப் பற்றிச் சொல்லிவிட்டான். அவனை மெஷினிலிருந்து எடுத்து ஸ்டோரில் கருணாகரனுக்குக் கீழே போட்டார்கள். அதற்கப்புறம் ஓ.பி. நேரத்தில், கூட்டம் இருக்கும்போதே, லோயிஸ் அவனோடு டிஸ்பென்சரிக்குப் போனாள். ரோஸ்மேரி காதில் சொட்டு மருந்து விடும்போது கிட்டத்தில் நின்று பார்த்தாள். அவள் விரல் அவன் தாடையைத் தாங்கியிருப்பதையும் பார்த்தாள். காரணம் தெரிந்த பிறகும் அந்தச் சூடு வரத்தான் செய்தது. வாயை மூடிக்கொண்டு நின்றாள். கேம்பில் கேலி தானாக அடங்கிவிட்டது.

ரோஸ்மேரி சில வருஷங்களில் கல்யாணமாகிக் கூடலூர்ப் பக்கமே மாற்றல் வாங்கிப் போனாள். மோசஸுக்கு வலது காதும் கொஞ்சம் கொஞ்சமாக மங்கியது. கோயம்புத்தூரில் வாங்கிய காதுக்கருவி இரைச்சல்தான் போட்டது. ஓய்வு பெற்றுக் குன்னூருக்கு வந்தபோது அவனுக்கு லோயிஸின் உதடு மட்டும்தான் புரிந்தது. மற்றவர்கள் சொல்வதை அவள் திருப்பிச் சொல்வாள், அவன் அவளுக்குச் சொல்வான், அவள் அவர்களுக்குச் சொல்வாள். விருந்தாளிகள் லோயிஸைப் பாவம் என்பார்கள். லோயிஸ் அலுத்துக்கொண்டதே இல்லை. தன் வாழ்நாளில் முதல்முறையாக யாரைப் பார்த்தும் அவளுக்கு வயிறு எரியவில்லை. மகள் அப்பாவிடம் நேராகப் பேச எழுதுபலகை வாங்கி வந்தபோது அதை அலமாரியின் மேல் தூக்கி வைத்துவிட்டாள்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு நாள் ரோஸ்மேரி புருஷனோடு வந்தாள். தலை நரைத்திருந்தது, சிரிப்பு அப்படியே இருந்தது. மோசஸின் கையைப் பிடித்துக்கொண்டு நிறையப் பேசினாள். அவன் ஸ்டோரில் போய் உட்கார்ந்தது தன் பேரைக் காப்பாற்றத்தான் என்று தெரியும், இத்தனை வருஷமாக ஒவ்வொரு ஜெபத்திலும் அவனை நினைப்பதுண்டு, அப்படி ஒரு மனிதரைத் தான் பார்த்ததே இல்லை என்றாள். கண் கலங்கியது. அவளுடைய உதடு வேகமாக அசைந்தது, மோசஸுக்குப் பிடிபடவில்லை. அவன் மனைவியைப் பார்த்தான்.

"என்ன சொல்றாங்க?"

லோயிஸ் அவனுக்கு நேராகத் திரும்பி, நிதானமாகச் சொன்னாள். "சௌக்கியமா இருக்கீங்களான்னு கேக்கறாங்க."

"சௌக்கியம்தான்னு சொல்லு" என்றான் மோசஸ்.

"சௌக்கியம்தானாம்" என்று ரோஸ்மேரியிடம் சொல்லிவிட்டு, லோயிஸ் காபி கலக்க உள்ளே போனாள்.